குளிருக்குப் போட்ட கோட்டு

தம்பி,

உன் அம்மா இனிமேல் நம் இருவருக்கும் நடுவில் தூது போக மாட்டாளாம். “பெடியன் ஞாயிற்றுக்கிழமை உங்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கேட்டவன். வாறதெண்டால் வாறன் எண்டும், வராட்டில் வரேல்லை எண்டும் உங்கட வாயால சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கும் நடுவில ஓடி எனக்குக் கால் உளையுது” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். வாயால் சொல்வது எனக்கு வராது. தொலைபேசியில் உன் குரலைக் கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் வைத்துவிடுவேன். ஆனபடியால் எழுதுகிறேன். பொஸ்னியாவின் மலைகளுக்கு நீ புறப்படுவதற்கு முன்னால் உங்கள் முகாமுக்குக் குடும்பங்களை அழைத்திருக்கிறார்கள் என்பதும், மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லாம் வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வருவேனா மாட்டேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் சொல்ல வேண்டியவற்றைக் கேள். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, மெதுவாக வாசி. சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது வேறு எதற்கு?

இதன் பிரதி ஒன்றை இங்கே நம்மவர்கள் நடத்தும் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குக் காட்டுகிறேன் என்று உன் அம்மா கோபிப்பாள். ஊர் என்னைக் கேட்டதும் கடைக்குள் வைத்து, எல்லார் முன்னாலும்தான். போன கிழமை கிரீன் ஸ்ட்ரீட் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கடைக்காரன் தராசை விட்டுவிட்டுக் கேட்கிறான்.

“என்ன அண்ணை, பெடியன் வெள்ளைக்காரன்ர ஆமியில சேந்திட்டானாம்?”

“ஓம்.”

“எங்கட சனத்தில ஒருத்தன் ஆமி உடுப்புப் போடுறதெண்டால்… நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“நீ சொல்லி உன்ர பெடியன் சிகரெட்டை விட்டவனோ?”

அதோடு அவன் அடங்கிவிட்டான். பின்னால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன்தான் விடவில்லை. “அண்ணைதானே எங்கட முதல் ஆமி. அந்த ஆமிக் கோட்டை மறந்து போனியளோ? பெடியன் தேப்பன்ர சைஸுக்கு வளந்திட்டான், அவ்வளவுதான்.” எல்லாரும் சிரித்தார்கள். முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்தேன். அன்று வீட்டில் பருப்பு மட்டும்தான். கடையில் அவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னதை உன் அம்மா ஒரு வருடமாகச் சிரிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ இராணுவத்தில் சேர்ந்ததற்குக் காரணம் என் கோட்டாம். அந்தப் பழியை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை. ஏன் என்பதை நீயும் அவர்களும் சேர்ந்தே வாசியுங்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்குக் குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, வெங்காய லொறியில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடித் திரிந்தவன். கலவரத்தோடு லொறியும் போயிற்று, தொழிலும் போயிற்று. உன்னையும் அம்மாவையும் ஊரில் விட்டுவிட்டு முன்னால் வந்தேன். கிடைத்த வேலை, ஆற்றுப் பக்கத்தில் உறைந்த இறைச்சி அடுக்கும் ஒரு குளிர்க் கிடங்கில். வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தால் பனி விழுகிற முற்றம் வெயில் எறிக்கிற முற்றம் போலத் தோன்றும். ஊரில் குதிக்கால் வெடித்தால் என்ன செய்வோம்? எண்ணெய் பூசுவோம். எண்ணெய் தோலுக்குக் காவல் என்று நினைத்தேன். விடியப்புறம் தேங்காயெண்ணெயை உருக்கி, கணுக்கால் வரை தேய்த்து, அதன் மேல் கிடைத்த காலுறைகளை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கி மாட்டி, சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு போவேன். கிடங்குக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மெழுகாக உறைந்துவிடும். காலுறை ஊறிப்போய் விறைக்கும். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே என்னோடு வேலை செய்தவன் யானுஷ் என்ற போலந்துக்காரன். பெரிய யுத்தத்தில் பனிக்குள் நடந்த பழைய இராணுவக்காரன். அவனுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வகுப்புப் பிள்ளைகள், ஆனபடியால் நன்றாகப் புரிந்துகொள்வோம். உடுப்பு மாற்றும் அறையில் என் காலைப் பார்த்தவன் மூக்கைச் சுருக்கினான். “பொரிக்கப் போகிறாயா? சட்டி எங்கே?” என்று கேட்டான். பிறகு தன் காலுறையைக் கழற்றிக் காட்டினான். சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. “குண்டு பட்டுப் போகவில்லை. இறுக்கமான பூட்ஸுக்குள் விறைத்துப் போனவை” என்றான். உன் நாட்டுக் கால் வேறு, என் நாட்டுக் கால் வேறு என்று நான் பதில் சொன்னேன். என் நகங்கள் கறுத்து, நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றுதான் எண்ணெயை விட்டேன். அவன் சொன்னதற்காக விடவில்லை. கால் சொன்னதற்காக விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, இராணுவத்தில் கழித்துவிட்ட உடுப்பு விற்கிற ஒரு கடைக்கு அவனே என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அந்தக் கோட்டு அங்கேதான் தொங்கியது. தடித்த கம்பளி, முழங்காலுக்குக் கீழே விழும். கழுத்துப் பட்டியை நிமிர்த்தினால் காது மறையும். பொத்தான்கள் கையுறையோடும் பூட்டக்கூடிய அளவுக்குப் பெரியவை. நனைந்தால் ஒரு ஆட்டைத் தோளில் தூக்கியதுபோலப் பாரம். நிறம் பச்சை. நிறத்தைக் கவனிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கவனித்தேன். ஊரில் ஆமி போட்ட அந்த நிறம் ஒழுங்கைக்குள் திரும்பினால் வேலி பாய்ந்து ஓடினவன் நான். ஆனால் அந்த நிறம் நின்றது கடலுக்கு அப்பால். குளிர் நின்றது என் எலும்புக்குள். வாங்கிப் போட்டேன். போட்ட அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது. நாட்டு நினைவு வந்து அழவில்லை. சூட்டுக்கு அழுதேன்.

நீங்கள் இருவரும் வந்து இறங்கிய நாளை உன் அம்மா தன் பக்கத்திலிருந்து உனக்குச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேள். தை மாதம். உன் அம்மா நைலோன் சேலையோடு வருவாள், நீ அரைக்காற்சட்டையோடு வருவாய் என்று எனக்குத் தெரியும். என்னிடம் இருந்த சூடான உடுப்பு அது ஒன்றுதான். உங்களைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் அதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தேன். காதை மூடிய பட்டி, கண் வரை இழுத்த கம்பளித் தொப்பி. கதவு திறந்து நீங்கள் வெளியே வந்ததும் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடி வருகிற கோட்டைத்தான் பார்த்தாள். பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நின்றாள். “ஐயோ, நீங்களே?” என்று கேட்டுவிட்டு அந்த நிலத்திலேயே குந்திவிட்டாள். அவளுடைய தம்பியை, உன் சின்ன மாமாவை, சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஐந்து மாதம் ஆகியிருக்கவில்லை. நீ அவளுக்குப் பின்னால் நின்றாய். எட்டு வயது. நான் குனிந்து, “வா ராசா, அப்பாவடா” என்று கையை நீட்டினேன். நீ உன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “மாமா, எங்களிட்ட ஒண்டுமில்லை, எங்களைப் போக விடுங்கோ” என்றாய். சோதனைச் சாவடியில் அப்படிச் சொல்ல வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் அம்மா அங்கேயே, அவ்வளவு சனத்துக்கு நடுவில், “அதைக் கழட்டுங்கோ” என்றாள்.

“கழட்டினால் நான் விறைச்சுச் சாகிறதோ?”

“பிள்ளை பயப்பிடுறான், கழட்டுங்கோ!”

“பிள்ளை பழகட்டும். இது துணி. துணி ஆரையும் சுடாது.”

நான் கழற்றவில்லை. அன்று கழற்றியிருக்க வேண்டும் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். நான் இன்றும் இல்லை என்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்வதில்லை. வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். காற்று அடித்தது. உன் பல் கிடுகிடென்று அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் உன்னைக் கூப்பிடவில்லை. நீயாகவே வந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் கோட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி, உள்ளே புகுந்து, என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாய். அப்டன் பார்க் அறையில், காசு போட்டால் மட்டும் எரிகிற அந்த ஹீட்டர் அணைந்த பிறகு, அதே கோட்டைப் போர்த்துக்கொண்டுதான் நீ இரண்டு மாரி காலம் படுத்தாய். கழுவப் போட்டால் அழுவாய். “பெடியன் அதுக்குள்ள வளந்தவன், அதுதான் அந்தப் புத்தி” என்பது உன் அம்மாவின் வழக்கு. பசுவின் பால் குடித்த பிள்ளை எல்லாம் புல் மேயப் போகிறதா?

அந்தக் கோட்டால் எனக்கு ஏற்பட்ட பழக்கம் வேறு. நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுக்கத் தொடங்கினேன். இந்தக் கோட்டை இப்படித் தைத்தவன் எவன், எந்தக் குளிருக்குத் தைத்தான் என்று தெரிய வேண்டும்போல இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பனிக்கால யுத்தங்களைப் பற்றி வாசித்தேன். பின்லாந்துக்காரர் வெள்ளைத் துணியை மேலே போட்டுக்கொண்டு பனியோடு பனியாக நின்றார்கள். ரஷ்யர்கள் கம்பளியை அடித்து இறுக்கிச் செய்த தொளதொளத்த பூட்ஸ் போட்டார்கள். ஜெர்மன்காரருக்குக் கச்சிதமான பூட்ஸ், அடியில் இரும்பு ஆணி. அழகான பூட்ஸ்தான். அந்த ஆணி வழியாகவே குளிர் உள்ளே ஏறியது. வைக்கோலோ கடதாசியோ திணிக்க இடமில்லாத அளவு கச்சிதம். எனக்கு அதை வாசித்தபோது சிரிப்பு வந்தது, என் காலுறைகளை நினைத்து. நீ பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, “என்னப்பா சிரிக்கிறீங்கள்?” என்று கேட்பாய். படத்தைக் காட்டுவேன். பூட்ஸைத்தான் காட்டினேன். சிப்பாயின் கையில் இருந்த துவக்கைக் காட்டவில்லை. நீ துவக்கைப் பார்த்திருந்தால் அது உன் கண் செய்த வேலை.

போன வருடம் நீ வந்து முன்னறையில் நின்று சொன்னாய், “அப்பா, நான் சைன் பண்ணிட்டன். இஞ்சினியர்ஸ். றோட்டும் பாலமும் போடுற ஆக்கள்.” உன் அம்மா கையிலிருந்த தேத்தண்ணீர்ப் பேணியைக் கீழே வைத்துவிட்டு, “என்ர தம்பியைக் கொண்டு போனவங்களும் ஆரோ பெத்த பிள்ளையள்தான்” என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் கத்தினேன்.

“இது உங்களைத் துரத்தின ஆமி இல்லையப்பா. இது வேற ஆமி.”

“உடுப்புக்கு ஊர் இருக்கோடா? தூரத்தில நிண்டு பாக்கிறவனுக்கு எல்லாம் ஒண்டுதான்.”

“அப்ப நீங்கள் ஏன் போட்டனீங்கள்?”

“நான் குளிருக்குப் போட்டனான்!”

“பொஸ்னியாவிலயும் சனம் குளிருக்குள்ளதான் நிக்குது. ஆரும் லொறியோட போகாட்டில் அதுகளுக்குச் சாப்பாடு போகாது. நீங்கள் லொறி ஓடினனீங்கள்தானே.”

நன்றாகக் கதைக்கப் படித்திருக்கிறாய். அன்று எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததால் வீட்டை விட்டுப் போகச் சொன்னேன். நீ போனாய். அந்தப் பதிலை ஒரு வருடமாகத் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை. அகப்படாததால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடாது. அறுபதைத் தாண்டிவிட்டேன் தம்பி. கிடங்கில் நின்ற வருடங்கள் விரல் நுனியில் இருக்கின்றன. தேத்தண்ணீர்க் கோப்பை சுடுகிறதா இல்லையா என்று இப்போது உதட்டில் வைத்துத்தான் அறிகிறேன். சண்டை பிடிக்கிற பலம் குறைந்துகொண்டு போகிறது. சண்டை மட்டும் குறையவில்லை.

சரி, இனி நான் சொல்கிறபடி செய். உங்கள் இராணுவம் உனக்கு நல்ல உடுப்புத் தரும், பாடமும் நடத்தும். இருந்தாலும் கேள். குளிரைவிட வேர்வைக்குப் பயப்படு. பாரம் தூக்குகிறபோது ஒன்றைக் கழற்று, நிற்கிறபோது போடு. வேர்த்த உடம்போடு நின்றால் அந்த ஈரமே உன்னைத் தின்னும். வலை மாதிரி ஓட்டை ஓட்டையாகப் பின்னிய பனியன் தந்தால் சிரிக்காமல் போடு. ஓட்டைக்குள் நிற்கிற காற்றுத்தான் சூடு. பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், கால்விரலை உள்ளே ஆட்டிப் பார். ஒரு சோடி காலுறை எப்போதும் நெஞ்சோடு, சட்டைக்குள் இருக்கட்டும், அது உலர்ந்திருக்கும். பூட்ஸை நெருப்புக்குக் கிட்ட வைத்துக் காய வைக்காதே, தோல் வெடிக்கும். விரல்கள் எல்லாம் ஒன்றாகப் படுக்கிற கையுறைதான் விரல் பிரித்த கையுறையைவிடச் சூடு. எண்ணெய் பூசாதே. உன் அம்மா ஒரு போத்தல் கட்டி வைத்திருக்கிறாள். வாங்கிக்கொள், பூசாதே.

இன்னும் இரண்டு இருக்கின்றன. அவற்றை எந்த இராணுவத்திலும் சொல்லித்தர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஜெர்மன்காரர் குளிர் தாங்க முடியாமல் கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊருக்குள் போய்க் கிழவிகளின் சால்வையைப் பறித்துப் போர்த்துக்கொண்டார்கள். கிழவனை வெளியே இழுத்து அவன் காலிலிருந்த பூட்ஸைக் கழற்றினார்கள். அவர்களும் போகும்போது நல்ல பிள்ளைகளாகத்தான் போயிருப்பார்கள். வீட்டிலிருந்து அவர்களையும் ஒருத்தி ஏதோ போத்தல் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பாள். குளிர் ஒருவனை என்ன செய்யும் என்பதை நான் புத்தகத்தில் வாசிப்பதற்கு முன்பே என்னில் பார்த்தவன். பிள்ளை பயந்து நிற்க, கோட்டைக் கழற்ற மனம் வராதவன் நான். அதைச் சரி என்று இன்றும் வாதாடுகிறேன். நீ அப்படி வாதாட வேண்டிய இடத்துக்கு வராதே. விறைத்தாலும் மற்றவன் உடுப்பில் கை வைக்காதே. பக்கத்தில் நிற்பவன் வைத்தால் பார்த்துக்கொண்டு நிற்காதே.

மற்றது, அந்த மலைகளில் நீ போடப்போகிற உடுப்பில் முகம் தெரியாது. தொப்பி, முகத்தை மூடும் கம்பளி, மேலே முக்காடு, கண் மட்டும்தான் வெளியே. தொலைக்காட்சியில் பார்க்கிறேன், வீட்டுச் செருப்போடு பனிக்குள் நடக்கிற சனம். ஒரு தாய் பிள்ளையைப் பின்னால் மறைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்பாள். நீ பாலம் போட வந்தவன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிவது கோட்டு. ஆனபடியால் கையை உயர்த்தாதே, ஓடாதே, கூப்பிடாதே. இருந்த இடத்தில் நின்று முதலில் முக்காட்டைத் தள்ளு. தொப்பியைக் கழற்று, கம்பளியைக் கீழே இழு. காது விறைக்கட்டும். ஒரு நிமிடத்தில் யாருக்கும் காது விழுந்துவிடாது. அவள் உன் முகத்தைப் பார்த்து முடியட்டும். பிறகு பேசு. நான் உன்னிடம் கேட்கிறது இது ஒன்றுதான். அம்மாவுக்கும் எனக்கும் இடையில் உள்ள வழக்கை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதற்கு இன்னும் கொஞ்ச வருடங்கள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை விஷயம். உன் அம்மா வருவாள், புட்டு அவித்துக்கொண்டு வருவாள். உன்னோடு நிற்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து அவிக்கப்போகிறாளாம், தேங்காய் இப்போதே வாங்கியாயிற்று. நான் உங்கள் முகாம் வாசலுக்குள் வர மாட்டேன். எந்த நாட்டு இராணுவத்தின் வாசலுக்குள்ளும் என் காலால் நடந்து போக மாட்டேன் என்று உன் சின்ன மாமாவைத் தேடி ஊர் முகாமுக்குப் போய்த் திரும்பி வந்த அன்று உன் அம்மாவின் தகப்பன் சொன்னார். அந்தச் சொல்லை நானும் எடுத்துக்கொண்டேன். அதை விட முடியாது. உங்கள் பெரியவர்களோடு கை குலுக்க மாட்டேன், அவர்கள் தேத்தண்ணீர் குடிக்க மாட்டேன், நீ செய்தது சரி என்று என் வாயில் வராது. வாசலுக்கு எதிரே றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதென்று உன் அம்மா சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு அங்கே நிற்பேன். நீ வெளியே வா. உடுப்பு மாற்ற நேரமில்லையென்றால் மாற்ற வேண்டாம், இருக்கிறபடி வா. அந்தப் பக்கம் காற்று பலமாக அடிக்குமாம், எனக்கு இப்போதெல்லாம் குளிருக்குள் கனநேரம் நிற்க ஏலாது. பிந்தாதே.

அப்பா